விதைப் பவுடர் ஸ்க்ரப் முகத்துக்கு ஆகுமா ஆகாதா? கடை ட்யூப்பா, அம்மா நலங்கு மாவா?

பொங்கோல்_பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம், ரொம்ப நாளா சும்மா படிச்சிட்டு மட்டும் போயிட்டு இருந்தேன் இன்னிக்கிதான் முதல் தடவ எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும் கோவிச்சுக்காதீங்க.

எனக்கு 33 வயசு, மாநிறம், எண்ணெய் வடியிற முகம். இங்க சிங்கப்பூர்ல அடிக்கிற புழுக்கத்துல காலைல எம்ஆர்டி ரயில் ஏறி ஆபீஸ் போய்ச் சேர்றதுக்குள்ள மூக்குல வடியிற எண்ணெயில ரெண்டு வடை சுட்டுரலாம். மூக்கு ஓரத்துல சொரசொரன்னு கருப்புப் புள்ளி. ஆபீஸ்ல கூட வேலை செய்யிற பொண்ணு ஒரு ஸ்க்ரப் ட்யூப் சொன்னா, பழக்கொட்டை விதைப் பவுடர், பிளாஸ்டிக் மணி இல்ல, எல்லாம் இயற்கைன்னு போட்டிருந்துச்சு. சரின்னு வாங்கி தினமும் ராத்திரி தேய்ச்சேன். முதல் வாரம் சூப்பர், கன்னம் கண்ணாடி மாதிரி வழுக்குச்சு. நல்லாருக்கே இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்ப்போமேன்னு தேய்ச்சேன், அங்கதான் தப்பு பண்ணிட்டேன்னு நெனைக்கிறேன். ரெண்டாவது வாரம் வேர்வை பட்டாலே எரிய ஆரம்பிச்சுது, மூணாவது வாரம் ரெண்டு கன்னத்துலயும் காப்பிக் கறை மாதிரி திட்டுத் திட்டா. நிறுத்தி ஒரு மாசம் ஆச்சு, எரிச்சல் போயிடுச்சு, கறை போகல.

இப்ப அடுத்த மாசம் அம்மா கும்பகோணத்துலேருந்து வர்றாங்க. போன்ல பாத்துட்டு ஒரே சத்தம், "அந்தக் கருமத்த ஏன்டி போட்ட, நான் நலங்கு மாவு அரைச்சு எடுத்துட்டு வரேன், கசகசாவும் கொண்டு வரேன், பால்ல ஊற வெச்சு அரைச்சுப் போட்டா எல்லாம் ஓடிரும்"னு. எனக்கு இப்ப குழப்பம் என்னன்னா அதுவும் விதைப் பவுடர்தானே, பயறும் விதை, கசகசாவும் விதை, இதுல ஒண்ணு புண்ணாக்குது ஒண்ணு புண்ண ஆத்துதுன்னா எப்படி? சின்ன வயசுல அம்மா தேய்ச்சு விட்டதெல்லாம் ஒண்ணும் பண்ணல, அதனால நம்பவும் தோணுது, சூடு கண்ட பூனையா பயமாவும் இருக்கு.

இன்னொண்ணு, நலங்கு மாவு வருதுன்னு சும்மா வாய விட்டுட்டேன், ஆபீஸ்ல மூணு பேரு காசு குடுக்குறோம் எங்களுக்கும் குடுன்னு நிக்கிறாங்க. குடுக்கலாமா?

சாங்கி_சரவணன்:
மத்தத பெரியவங்க சொல்வாங்க, நான் ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு ஓடிடுறேன். சிஸ், கசகசாவ மட்டும் பெட்டில வெக்க வேணாம்னு அம்மாகிட்ட இன்னிக்கே சொல்லிடுங்க. அது அபினிச் செடியோட விதை, மார்ஃபின் ஒட்டி இருக்கும்ங்கிறதால சிங்கப்பூர்ல கட்டுப்பாடு இருக்கு, மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு சம்பந்தப்பட்ட சமாச்சாரம். முகத்துக்குத்தான் சார்னு ஏர்போர்ட்ல நின்னு விளக்கம் சொல்லிட்டு இருக்க முடியாது. தேக்கா கடைத்தெருவுல எந்தக் கடையிலயும் கசகசா ஏன் கண்ணுல படலன்னு யோசிச்சதே இல்லையா, நம்ம வீட்டு குருமாவுல எல்லாம் முந்திரிதானே அரைச்சு ஊத்துறோம்.

பொங்கோல்_பொண்ணு:
ஐயோ. எட்டு வருஷமா இங்க இருக்கேன், குருமாவுக்கு முந்திரி போடுறது பணக்காரத்தனம்னு நெனைச்சிட்டு இருந்தேன். இப்பவே போன் போடுறேன். நன்றி ப்ரோ.

லேப்_கோட்டு:
நான் காஸ்மெட்டிக்ஸ் ஃபார்முலேஷன் லேப்ல வேலை பாக்குறேன், எந்தக் கம்பெனின்னு சொல்ல மாட்டேன், யாரு ட்யூப்பையும் நல்லது கெட்டதுன்னும் சொல்ல மாட்டேன். உங்க கேள்வி நியாயமான கேள்வி. ரெண்டும் விதைதான், ஆனா விதையில எந்தப் பகுதிங்கிறதுதான் விஷயம்.

ஆப்ரிகாட் கொட்டைய எடுத்துக்கோங்க, வெளிய மாங்கொட்டை ஓடு மாதிரி கெட்டியா ஒரு ஓடு, உள்ள மெத்துனு ஒரு பருப்பு. லேபிள்ல ‘புரூனஸ் ஆர்மீனியாகா சீட் பவுடர்’னு இருக்கும், அத படிச்சா ஏதோ பருப்ப அரைச்ச மாவு மாதிரி தோணும், பல நேரம் உள்ள இருக்குறது அந்த ஓட்டுத் தூள்தான். வால்நட்டுக்கு ‘ஜக்லன்ஸ் ரீஜியா ஷெல் பவுடர்’னு ஓடுன்னே நேரா போட்டுருவாங்க. வால்நட் ஓட்டுத் தூள் வேற எதுக்குப் பயன்படுதுன்னா, கார் இன்ஜின் வால்வுல படிஞ்ச கரிய எடுக்குறதுக்குக் காத்துல வேகமா அடிப்பாங்க. அதுக்காக முகத்துல போடவே கூடாதுன்னு சொல்லல, நல்லா பொடியா அரைச்சு சலிச்சு கொஞ்சமா போட்டா ஓகே, ஆனா அது எவ்வளவு கெட்டியான சாமான்னு புரியணும்ல.

கெட்டியான பொருள உடைச்சா உடைஞ்ச கண்ணாடி மாதிரி மூலை மூலையா உடையும். மைக்ராஸ்கோப்ல வெச்சுப் பாத்தா உங்களுக்கே மனசு வராது. இதுல ஒரு வேடிக்கை இருக்கு. முன்னாடி நிறைய ஸ்க்ரப்ல பாலிஎத்திலீன்ங்கிற பிளாஸ்டிக் மணிதான் இருந்துச்சு, அதுல உருண்டையா இருந்தது தோலுக்கு பெருசா தொந்தரவு இல்ல, கடலுக்குத்தான் தொந்தரவு. அமெரிக்காவுல 2015ல சட்டம் போட்டு 2017லேருந்து கழுவி விடுற சாமான்ல அத போட்டுத் தயாரிக்கக் கூடாதுன்னுட்டாங்க, பிரிட்டன்ல 2018. அப்புறம் எல்லாரும் மாத்து தேடி ஓடுனப்பதான் இந்தக் கொட்டை, ஓடு, விதை எல்லாத்துக்கும் வாழ்வு வந்துச்சு. மீனுக்கு நல்லது நடந்துச்சு, நம்ம கன்னத்த யாரும் கேக்கல.

அடுத்தது சைஸ். நாங்க மெஷ் கணக்குல பேசுவோம், சல்லடையில ஒரு இன்ச்சுக்கு எத்தனை கண்ணுன்னு. 60 மெஷ்ல இறங்குறது 250 மைக்ரான் வரைக்கும் இருக்கும், 100 மெஷ்னா 150, 200 மெஷ்னா 75 மைக்ரான், அதாவது கிட்டத்தட்ட ஒரு தலைமுடி தடிமன். மேல் தோல்ல இருக்குற செத்த அடுக்கு இருக்கே, நாம தேய்ச்சு எடுக்கணும்னு ஆசைப்படுறது, அது முகத்துல மொத்தமே 10லேருந்து 20 மைக்ரான்தான். அதுமேல 250 மைக்ரான் கல்லத் தினமும் அழுத்தி ஓட்டுனா என்ன ஆகும். மேல் தோல் மொத்தமும் தானா உதிர்ந்து புதுசாக ஏறக்குறைய நாலு வாரம் ஆகும், நீங்க அதுக்கு ஒரு ராத்திரி கூட லீவு குடுக்கல.

கறை வந்தது பாலிஷ் போட்டதால நேரா வரல, உள்ள வீக்கம் வந்து, அதனால தோல் மெலனின்ங்கிற நிறமியக் கொட்டிருக்கு. வெள்ளைக்காரங்களுக்கு பெரும்பாலும் செவந்துட்டுப் போயிடும், நம்ம நிறத்துக்கு கறையா உக்காந்துடும். பரு கிள்ளுனா கருப்பாகுதே அதே கதைதான். மெதுவா மறையும், மாசக் கணக்குல ஆகும், ஆனா சன்ஸ்கிரீன் போடாம இருந்தா மறையுறது ரொம்பக் கஷ்டம். இங்க மேகம் இல்லாத நாள்ல மத்தியானம் யூவி இண்டெக்ஸ், அதான் வெயில் கதிரோட கடுமை அளவு, 11 தொடுறது சர்வ சாதாரணம். சந்தேகமா இருந்தா பாலிகிளினிக் போயி நேஷனல் ஸ்கின் சென்டருக்கு லெட்டர் வாங்கிக்கோங்க, அப்படிப் போனா குடியுரிமை, நிரந்தரவாசம் இருக்குறவங்களுக்கு மானியக் கட்டணம்.

ஸ்க்ரப் வேணும்னே தோணுச்சுன்னா உருண்டையான சாமானா பாருங்க, ஹோஹோபா மணி நல்லாருக்கும், அது விதையிலேருந்து வர்ற மெழுகு, அழுத்துனா நசுங்கிடும். அரிசித் தவிடு, ஓட்ஸ் கூட மெத்துனு இருக்கும். வாரத்துல ஒரு தடவ போதும். கறை போற வரைக்கும் அதுவும் வேணாம்.

அங்மோகியோ_ஆச்சி:
ஏம்மா பொண்ணு, லேப் தம்பி சொன்னது எல்லாம் சரி, ஆனா நலங்கு மாவுன்னா என்னன்னு அவருக்கும் தெரியல உனக்கும் தெரியலன்னு நெனைக்கிறேன். அது ஸ்க்ரப்பே கிடையாதும்மா. தேய்க்கிற சாமான் இல்ல, பூசுற சாமான். பச்சைப்பயறுல இருக்குற மாவுச்சத்து எண்ணெய உறிஞ்சும், லேசா நுரைக்கிற சத்தும் பயறுல உண்டு, அதான் அழுக்கு எடுக்குது. நாங்க எல்லாம் எண்ணெய் தேய்ச்சு ஊறி, அதுக்கு மேல மாவக் குழைச்சுப் பூசி, தண்ணி ஊத்திக் கழுவுவோம். வெறும் முகத்துல காய்ஞ்ச மாவ வெச்சு பரபரன்னு யாரு தேய்ச்சா?

அப்புறம் அரைக்கிற பக்குவம். மிஷின்லேருந்து வந்த மாவ அப்படியே போடக் கூடாது, துணியில சலிக்கணும். மெல்லிசு வேட்டித் துணிய ஏனத்து வாயில கட்டி மேல மாவப் போட்டு கையால லேசா தட்டுனா புகை மாதிரி கீழ இறங்கும் பாரு, அதுதான் முகத்துக்கு. மேல நிக்கிற குருணை உள்ளங்காலுக்கு, முழங்கைக்கு. சித்த வைத்தியத்துல இதுக்கு வஸ்திரகாயம்னே பேரு இருக்கு, மெஷ்ஷு கிஷ்ஷு எல்லாம் அப்பவே இருந்துச்சு தம்பி.

மில்லு கதை ஒண்ணு சொல்லணும். பத்து வருஷம் முன்னாடி லிட்டில் இந்தியாவுல ஒரு மில்லுல பயறும் கஸ்தூரி மஞ்சளும் பூலாங்கிழங்கும் குடுத்து அரைச்சு வாங்கிட்டு வந்தேன், தீபாவளி நெருக்கம், கூட்டம். எனக்கு முன்னாடி நின்ன ஆளு என்ன அரைச்சாருன்னு கேக்கல. வீட்டுக்கு வந்து பேரப்புள்ளைக்கு முதுகுல தடவுறேன், வீல்னு கத்துது. என் கைய மூக்குகிட்ட கொண்டு போனா தும்மல். சாம்பார் மிளகாய்ப் பொடி அரைச்ச மிஷின். பாவம் புள்ள, முதுகு முழுக்க தயிர் தடவி வெச்சிருந்தோம், இப்ப அவன் என்எஸ், அதான் தேசிய சேவைக்கே போயிட்டான் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுறான். அதனால அம்மாகிட்ட கேளு, எங்க அரைச்சாங்க, அதுக்கு முன்னாடி ஒரு ஈடு அரிசி ஓட்டினாங்களான்னு. வீட்டு மிக்ஸின்னா சட்னி ஜார் இல்லாம தனி ஜார்.

உட்லண்ட்ஸ்_ஊமையன்:
ஆச்சி மில்லு கதைக்கு எங்கம்மாவக் கூப்டு படிச்சுக் காட்டுனேன், சிரிச்சு முடியல. ஆம்பளைங்க கேள்வி ஒண்ணு கேட்டுக்கவா, தாடி ஷேவ் பண்ணுனா கழுத்துல முடி உள்ளயே சுருண்டு குரு குருவா வருது, காப்பித்தூள் போட்டுத் தேய்னு யூட்யூப்ல சொல்றான். தேய்க்கவா?

லேப்_கோட்டு:
வேணாம் ப்ரோ. காப்பி சக்கையும் மூலை மூலையாத்தான் இருக்கும், குரு மேல தேய்ச்சா அதுவும் கறையாகும். ஒட்ட ஒட்ட ஷேவ் பண்றத விடுங்க, டிரிம்மர் போதும். சாலிசிலிக் ஆசிட் இருக்குற ஃபேஸ் வாஷ் பாருங்க. காப்பித்தூள குடிங்க.

ஆச்சி, வஸ்திரகாயத்துக்கு ஒரு கும்பிடு. நான் நலங்கு மாவ நேரா சொல்லாம விட்டதுக்குக் காரணம் அதுல என்னென்ன இருக்குன்னு வீட்டுக்கு வீடு மாறும். பொங்கோல் சிஸ், அம்மாகிட்ட முழு லிஸ்ட் வாங்கிப் போட முடியுமா?

பொங்கோல்_பொண்ணு:
அம்மா வாட்ஸப்ல ஏழு நிமிஷம் வாய்ஸ் மெசேஜ் அனுப்பிருக்காங்க, அதுல நாலு நிமிஷம் பக்கத்து வீட்டுக் கல்யாணம். மிச்சத்த எழுதிட்டேன்: பச்சைப்பயறு ஒரு கிலோ, கடலைப்பருப்பு கால் கிலோ, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, காய்ஞ்ச ரோஜா இதழ், கோரைக்கிழங்கு, கார்போகரிசி. அரைக்கிறது வீட்டு மிக்ஸிலதானாம், தனி ஜார்தானாம், "நான் என்ன புதுசா அரைக்கிறேனா"ன்னு எனக்கே திருப்பி ஒரு டோஸ். கசகசாவ எடுத்துட்டாங்க, ஆனா நம்பல, "ஊருல வாயில போடுறத உங்க ஊருல போலீசு புடிக்கிறானா"ன்னு கேக்குறாங்க.

லேப்_கோட்டு:
கார்போகரிசிதான் நான் தேடுன பேரு. அது சொராலியா செடியோட விதை, வடக்க பாக்குச்சின்னு சொல்வாங்க. இப்ப முகக் கிரீம்ல வர்ற ரெட்டினாலுக்கு (வைட்டமின் ஏ வகை) பதிலா விக்கிற பாகுச்சியால்ங்கிற சாமான் அதே விதையிலேருந்துதான் பிரிச்சு எடுக்குறாங்க, அது நல்ல பேரு வாங்கின சாமான். ஆனா விதைய முழுசா அரைச்சா கூடவே சொராலென் வரும். சொராலென் தோல்ல இருக்கும்போது வெயில் பட்டா தோல் ரொம்ப சுலபமா பொசுங்கும், கருக்கும். வெண்புள்ளிக்கு நாட்டு வைத்தியத்துல இந்த விதைய அரைச்சுப் பூசி வெயில்ல உக்கார வெச்சது இதுக்குத்தான், நிறம் வரணும்னு. ஆஸ்பத்திரில சொராலென் குடுத்து யூவி விளக்கு காட்டுற ட்ரீட்மென்ட்டும் அதே தத்துவம்தான்.

அதாவது நிறத்த வரவைக்கிற விதைய, கறை போகணும்னு போட்டுட்டு, காலைல 8 மணி வெயில்ல பஸ் ஸ்டாப்ல நிக்கப் போறீங்க.

அங்மோகியோ_ஆச்சி:
தம்பி, அறுபது வருஷமா கார்போகரிசி போட்ட மாவுதான் எங்க வீட்டுல. எனக்கும் ஒண்ணும் ஆகல எம் பொண்ணுங்களுக்கும் ஒண்ணும் ஆகல. சொறி சிரங்கு வராம இருக்குறதுக்குத்தான் அத சேக்குறது. புத்தகத்துல இருக்குறத எல்லாம் படிச்சுட்டு வந்து பெரியவங்க செஞ்சது தப்புன்னா எப்படி.

லேப்_கோட்டு:
தப்புன்னு சொல்லல ஆச்சி. ஒரு கிலோ பயறுக்கு ஒரு புடி கார்போகரிசி, பூசி அஞ்சு நிமிஷத்துல கழுவி விட்டுடுறீங்க, பெரும்பாலும் ஒண்ணும் ஆகாதுதான். நான் சொல்றது இந்தப் பொண்ணுக்கு மட்டும், ஏற்கெனவே தோல் தேஞ்சு கறை விழுந்த முகம். நல்ல தோலுக்கு ஒத்துக்கிறது இதுக்கு ஒத்துக்கணும்னு இல்ல.

அங்மோகியோ_ஆச்சி:
சரி சரி. அது சரிதான். இல்லாமலும் அரைக்கலாம், வாசனை ஒண்ணும் குறையாது. பொண்ணுக்கு இல்லாம அரைக்கச் சொல்லும்மா.

தோபாயோ_நர்ஸ்:
நைட் ஷிப்ட் முடிச்சுட்டு வந்து படிக்கிறேன், ரெண்டு விஷயம் யாரும் சொல்லல. ஒண்ணு, விதை மாவுன்னா அதுல புரதம் இருக்கு, புரதம்னா அலர்ஜி வர வாய்ப்பு இருக்கு. ஜப்பான்ல கோதுமைப் புரதம் கலந்த ஒரு முகச் சோப்பு போட்டு 2000 பேருக்கு மேல கோதுமை அலர்ஜி வந்துச்சு, அதுவரைக்கும் நல்லா ரொட்டி சாப்பிட்டுட்டு இருந்தவங்க. அது கோதுமைய உடைச்சு பதப்படுத்துன வேற மாதிரி சாமான், பயறு மாவு அப்படி பண்ணும்னு சொல்ல வரல. ஆனா புண்ணான தோல்ல சாப்பாட்டு சாமான் பூசுறது சும்மா விளையாட்டு இல்ல. பாதாம், வால்நட், கடலை இதுல ஏதாச்சும் சாப்பிட்டா ஒத்துக்காதுன்னா அதோட பவுடரும் முகத்துல வேணாம். மத்தவங்க காதுக்குப் பின்னாடி இல்ல முழங்கை மடிப்புல கொஞ்சம் தடவி ரெண்டு நாள் பாருங்க.

ரெண்டு, தண்ணி. குழைச்ச மாவ மிச்சம் வெச்சு மறுநாள் போடாதீங்க ப்ளீஸ். நம்ம ஊரு ஈரத்துல ராத்திரியோட ராத்திரியா அதுல கிருமி குடும்பமே நடத்திடும். டப்பாவ பாத்ரூம்ல வெக்கக் கூடாது, ஈரக் கையால அள்ளக் கூடாது, வண்டு வெக்கும். ஃப்ரிட்ஜ்ல வெச்சு காய்ஞ்ச ஸ்பூன்ல தேவைக்கு மட்டும் எடுங்க. எங்க மாமியார் பாத்ரூம் அலமாரியில வெச்சு மாவு பச்சைப்பயறு கலர்லேருந்து வேற பச்சைக்கு மாறிடுச்சு.

சாங்கி_சரவணன்:
ஆபீஸ்ல காசுக்குக் குடுக்கலாமான்னு கேட்டாங்களே அதுக்கு யாரும் பதில் சொல்லலயே.

லேப்_கோட்டு:
ஆமா மறந்துட்டேன். முகத்துல போடுற சாமான இங்க விக்கணும்னா அதுக்கு முன்னாடி எச்எஸ்ஏ, அதான் சுகாதார அறிவியல் ஆணையத்துல நோட்டிஃபை பண்ணணும், வீட்டுல செஞ்சாலும் சரி ஊர்லேருந்து வந்தாலும் சரி. லேபிள்ல சேர்மானம் எல்லாம் எழுதணும். மூணு டப்பாவுக்காக அந்த வேலை வேணுமான்னு யோசிச்சுக்கோங்க. அதவிட, அந்த மூணு பேருல ஒருத்தருக்கு எரிஞ்சுதுன்னா தினமும் பக்கத்து சீட்டுல நீங்கதான் உக்காரணும்.

பொங்கோல்_பொண்ணு:
ரொம்ப நாள் கழிச்சு வரேன், அப்டேட் சொல்றேன்னு சொல்லிட்டு காணாம போயிட்டேன், மன்னிச்சிடுங்க.

பாலிகிளினிக் போனேன், லெட்டர் குடுத்து ஸ்கின் சென்டர்ல பாத்தாங்க, லேப் அண்ணன் சொன்ன அதேதான். ஒரு கிரீம் குடுத்திருக்காங்க, சன்ஸ்கிரீன் காலைல மட்டும் இல்ல மத்தியானம் சாப்பிட வெளிய போறதுக்கு முன்னாடியும் போடச் சொன்னாங்க, எந்த ஸ்க்ரப்பும் வேணாம்னுட்டாங்க. இடது கன்னம் பாதி வெளுத்துடுச்சு, வலது கன்னம் அடம் புடிக்குது, நான் வலது கைக்காரி அந்தப் பக்கம்தான் அழுத்தித் தேய்ச்சிருக்கேன் போல.

அம்மா வந்தாச்சு. ரெண்டு பை மாவு, ஒண்ணுல மார்க்கர்ல ‘கா. இல்ல’ன்னு எழுதிருந்துச்சு, ஏர்போர்ட்ல பெட்டிய தொறந்து பாத்த ஆபீசர் இது என்ன மாவுன்னு கேட்டப்ப அம்மா ஒரு வார்த்தை இங்கிலீஷ் பேசாம கன்னத்துல பூசுற மாதிரி நடிச்சுக் காட்டிருக்காங்க, அவரும் சிரிச்சுட்டு விட்டுட்டாராம். ஆச்சி சொன்ன மாதிரி துணியில சலிச்சோம், பழைய வேட்டி இல்லாததால என் காட்டன் துப்பட்டா ஒண்ணு போச்சு. முகத்துக்கு நான் இன்னும் போடல, டாக்டர் சொல்ற வரைக்கும் போட மாட்டேன், கை காலுக்கு மட்டும் ‘கா. இல்ல’ மாவு. நல்லாத்தான் இருக்கு, குளிச்சு வந்தா வீடே கோயில் மாதிரி மணக்குது. வீட்டுக்காரருக்குத்தான் கோவம், பாத்ரூம் தரையில தண்ணி போற ஓட்டையில மாவு அடைச்சுக்கிட்டு நாத்தம் வருதுன்னு, வாரத்துல ரெண்டு தடவ அவரு கையால எடுத்து விடுறாரு.

ஆபீஸ் விஷயம், விக்க முடியாதுன்னு நான் சொல்லிட்டேன். அம்மா கேட்டுட்டு "மாவுக்கு எதுக்குடி காசு"ன்னு ஆளுக்கு ஒரு டப்பா போட்டு, மேல பாரிஸ்கார்னர் கடைக்காரர் மாதிரி என்னென்ன இருக்குன்னு முழு லிஸ்ட்டும் தமிழ்லயே எழுதி என்கிட்ட குடுத்துட்டாங்க. அதுல ஒருத்தி சீனப் பொண்ணு. இப்ப நான் அந்த லிஸ்ட்ட உக்காந்து மொழிபெயர்த்துக்கிட்டு இருக்கேன், பூலாங்கிழங்குக்கு இங்கிலீஷ்ல என்ன, யாருக்காச்சும் தெரியுமா?